ஒன்பதாவது விநாடி

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. பெயர் யோலிமா. பொகோட்டாவில் ஒரு மருத்துவமனையில் இருபத்துமூன்று வருஷமாக சிடி ஸ்கேன் எடுப்பதுதான் என் வேலை. மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் என்பதே விட்டுப்போயிருந்தது. பிணங்களுக்குக்கூட ஸ்கேன் எடுத்திருக்கிறேன். எடுத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அதே அறை வாசலில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி ரொட்டி தின்றிருக்கிறேன்.

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். இது நடந்தது பட்டப்பகலில். மார்ச் மாதம், புதன்கிழமை, மதியம் 2:10. விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. என்னோடு சேர்த்து நாலு பேர் அங்கே இருந்தோம். மூன்று பேர் கண்ணால் பார்த்தோம். பார்த்த மற்ற இரண்டு பேரும் இன்றைக்கு வாயைத் திறக்க மாட்டார்கள். நாலாவது ஆள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் என் மனசாட்சியே என் முகத்தில் துப்பும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரிக் கடைசி. காதலர் தின ரோஜாக்கள் எல்லாம் விமானம் ஏறி முடிந்த சமயம். ரோஜாப் பண்ணைகளிலிருந்து பெண்கள் வலிக்கிற கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வருஷா வருஷம் வருகிற கூட்டம்தான். அதில் ஒருத்தி நூபியா சிட்டிவா. முப்பத்துநாலு வயது. ஊருக்கு வெளியே ஃபகா பக்கம் ஒரு பண்ணையில் ரோஜா வெட்டுகிறவள். பசுமைக்குடிலின் ஈரத் தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. ஆனால் கத்தரியைப் பிடித்து அழுத்தும்போது மணிக்கட்டு 'டக்' என்று விலகுகிறது, பிடித்திருப்பது நழுவி விழுகிறது என்றாள்.

அன்று என் வரிசையில் இருபத்தேழு பேர். காலையிலிருந்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. அவள் கையை மேஜைமேல் வைத்து ஒட்டுப்பட்டையால் இறுக்கிக் கட்டினேன். அசைந்தால் படம் கலங்கிவிடும். அசையாமல் கட்டுவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

"கட்டாதீங்கக்கா," என்றாள். "அசையறப்பதான் எலும்பு விலகுது. கட்டிப்போட்டுப் பாத்தா என்ன தெரியும்?"

"பேசாம இரும்மா. மூச்சக்கூட மெதுவா விடு."

அவள் சொன்னதுதான் சரி. மணிக்கட்டுக்குள் படகு எலும்பு, பிறை எலும்பு என்று இரண்டு சின்ன எலும்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நார் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த நார் அறுந்தாலும், கை சும்மா கிடக்கும்போது பல பேருக்கு இரண்டும் ஒட்டியேதான் நிற்கும். அசைக்கும்போதுதான் நடுவில் வாய் பிளக்கும். நான் கட்டிப்போட்டு எடுத்த படத்தில் எல்லாம் அம்சமாக இருந்தது. கட்டைவிரல் மேட்டில் மட்டும் எள்ளளவு ஓர் இரும்புத் துணுக்கு, முள்போல வளைந்து, பளிச்சென்று தெரிந்தது. என்ன என்று கேட்டேன். கத்தரி நுனி உடைந்து உள்ளே போனது, மூன்று வருஷமாக அங்கேயே கிடக்கிறது, வலிக்காது என்றாள்.

படத்தைப் பார்த்து அறிக்கை எழுதியவர் டாக்டர் லிசான்ட்ரோ காமர்கோ. எங்கள் பிரிவின் தலைவர். பண்ணைகளுக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்துக்கு மிகவும் வேண்டியவர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கை வலி என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். டாக்டர் கை நீட்டினால் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்ததும் ஒரு நெரி நெரிப்பார். கத்தினால் நடிப்பு. கத்தாவிட்டால் கை நன்றாக இருக்கிறது. எப்படிப் போனாலும் ஜெயிப்பது அவர்தான்.

"வா மகளே, கை குடு," என்றார் நூபியாவிடம்.

கொடுத்தாள். அவர் நெரித்தார். அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. நாலடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. கையைப் பிடித்திருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்?

"நல்ல பிடிதான் இருக்கு," என்றார். "நான் நோயாளி சொல்றத நம்பறதில்ல மகளே. படம் சொல்றதத்தான் நம்புவேன்."

'மணிக்கட்டு இயல்பு. நோயாளி மிகைப்படுத்துகிறார்.' அவ்வளவுதான் எழுதினார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். வாய் திறக்கவில்லை. நூபியா வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். கத்தாமல், நிதானமாகச் சொன்னாள்.

"இந்தக் கைய நீங்க ஒருநாள் மாட்டிக்கிட்டுப் பாருங்க டாக்டர். அப்பத் தெரியும்."

அவர் சிரித்தார். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. மறந்தும் போனேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் புது இயந்திரம் வந்தது. அசைவையே படமெடுக்கிற சிடி. கையை வளையத்துக்குள் நீட்டவேண்டும். நான் மைக்கில் எண்ணுவேன். எண்ணிக்கைக்கு ஏற்ப மணிக்கட்டை இடம், வலம் என்று சாய்க்கவேண்டும். எட்டு விநாடி. ஓரிரு நிமிஷத்தில் எலும்புகள் நகர்வது திரையில் சினிமாவாக ஓடும். முதல் தடவை ஓடவிட்டுப் பார்த்தபோது, 'கட்டிப்போட்டுப் பாத்தா என்ன தெரியும்?' என்று யாரோ எப்போதோ கேட்டது காதில் விழுந்தது. யார் கேட்டது என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

காப்பீட்டு நிறுவனம் இந்த அசைவுப் படத்தை ஆதாரமாக ஏற்கலாமா என்று முடிவு செய்ய இரண்டு பேரை அனுப்பியது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஒரு வழுக்கைத் தலைக்காரர். காமர்கோ ஒரு திட்டம் போட்டிருந்தார். தன் வலது கையையே படமெடுத்துக் காட்டுவது. மாணவராக இருந்தபோது மோட்டார் சைக்கிளில் விழுந்து படகு எலும்பு உடைந்து, உள்ளே ஒரு திருகாணி வைத்திருந்தார்கள். முப்பது வருஷமாக அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நின்ற படத்தில் தெரிவதுதான் ஓடுகிற படத்திலும் தெரியும், இதெல்லாம் வீண் வேலை என்று வந்தவர்களுக்குக் காட்டவேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தேவையில்லாமல் எக்ஸ்ரே கதிர் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கையை வீசி என்னை ஒதுக்கினார்.

அந்தப் புதன்கிழமை 2:30-க்கு ஒரு நோயாளி இருந்தாள். பெயரைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எடில்மா சிட்டிவா.

அன்றைய தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை 7:05. அறையைத் திறந்தேன். மேஜைமேல் பழைய ஒட்டுப்பட்டை கிடந்தது. புது இயந்திரத்துக்குப் பட்டையே தேவையில்லை. எல்லாவற்றையும் மூட்டைகட்டிக் கிடங்குக்கு அனுப்பி மூன்று வாரமாகிறது. கிடந்தது மட்டுமில்லை. வளையமாக ஒட்டியிருந்தது. ஒரு மெலிந்த மணிக்கட்டு அளவுக்கு. துப்புரவு ஆள் விட்டுப்போயிருப்பான் என்று இழுப்பறையில் போட்டேன்.

11:40. அறைக்குள் ரோஜா வாசனை. மலரின் வாசனை இல்லை. வெட்டிய தண்டை வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் வருமே, அந்தப் பச்சை நாற்றம். யாராவது பூங்கொத்து கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

1:15. எடில்மா வந்துவிட்டாள். நாற்பது தாண்டியவள். கம்பளிப் போர்வை நனைந்திருந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதானே என் தங்கச்சி கையக் கட்டினது?"

எனக்கு அப்போதுதான் பெயர் உறைத்தது. நூபியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அறிக்கையில் 'இயல்பு' என்று இருந்ததால் அவளைத் திரும்பக் கத்தரி பிடிக்க அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் ஒருநாள் மழை. பண்ணை பஸ்ஸில் இடமில்லாமல் வாசற்படியில் நின்றிருக்கிறாள். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வண்டி திரும்பியது. கை விட்டுவிட்டது. பின் சக்கரம் ஏறிவிட்டது.

"அடுத்த மாசத்தோட நாலு வருஷம் முடியுது. மாடத்தத் திறந்து எலும்ப எடுக்கணும்," என்றாள் எடில்மா. எங்கள் பக்கத்துக் கல்லறைகளில் சவத்தைச் சுவர் மாடத்தில் வைத்து அடைப்பார்கள்; நாலு வருஷம் ஆனதும் எலும்பை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைக்கவேண்டும். எடில்மா தன் கையைக் காட்டினாள். "எனக்கும் அதே மாதிரி டக்குன்னு விலகுதுக்கா. இன்னிக்கும் அந்தாளு இயல்புன்னு எழுதினா திங்கக்கிழமை நான் அதே பஸ்ல ஏறணும். அதே கம்பியத்தான் பிடிக்கணும்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

2:08. வெளியே மழை வலுத்துவிட்டது. காமர்கோ கோட்டைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த விருந்தாளிகள் இருவரும் என்னோடு கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். காமர்கோ நாற்காலியில் உட்கார்ந்து வளையத்துக்குள் கையை நீட்டப்போனார். நின்றார்.

"என்ன யோலிமா, என்னையும் கட்டப்போறியா?"

உள்ளே ஒட்டுப்பட்டை கிடந்தது. வளையமாக. நான் இழுப்பறையில் போட்ட அதே பட்டை. ஓடிப்போய் எடுத்துக் குப்பைக்கூடையில் எறிந்தேன். ஈரமாக இருந்தது.

2:10. தொடங்கினேன். இயந்திரம் உறுமியது. மைக்கில் எண்ணினேன்.

"ஒண்ணு... இடது. ரெண்டு... நேரா. மூணு... வலது..."

'டக்.'

ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. எட்டு வரை எண்ணினேன். இயந்திரம் நின்றது. உறுமல் அடங்கியது. வளையத்தின் மஞ்சள் விளக்கு அணைந்தது. அதாவது, கதிர் இல்லை. படமெடுப்பு முடிந்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டர், இப்ப சத்தம் வந்தது உங்க கையிலயா?"

"எந்தச் சத்தம்?"

படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை கையை எடுக்கவேண்டாம் என்றேன். தலையாட்டினார். கை உள்ளேயே இருந்தது.

2:12. திரையில் படம் ஓட ஆரம்பித்தது. ஓரத்தில் விநாடிக் கணக்கு. ஒன்று... இரண்டு... அவருடைய எலும்புகள்தான். படகு எலும்புக்குள் திருகாணி. இரண்டு முனையிலும் மரை, நடுவில் மொழுக்கென்று. கை சாய்ந்தது, நிமிர்ந்தது, சாய்ந்தது. இம்மிகூட விலகல் இல்லை. வழுக்கைக்காரர் மெச்சிக்கொண்டார்.

ஆறு... ஏழு... எட்டு.

எட்டோடு நிற்கவேண்டும். எட்டு விநாடி எடுத்தால் எட்டு விநாடிதான் ஓடும்.

ஒன்பது.

நான் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

ஒன்பதாவது விநாடியில், படத்தின் எதிர் ஓரத்திலிருந்து, வெள்ளையாக ஏதோ உள்ளே வந்தது.

விரல் நுனிகள்.

நாலு விரல். பிறகு கட்டைவிரல். சின்ன எலும்புகள். பெண்ணின் கை.

கண்ணாடி வழியாக அறையைப் பார்த்தேன். வளையத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

பத்து.

அந்தக் கை மெதுவாக முன்னால் வந்தது... அவசரமே இல்லாமல்... அவர் கையைப் பிடித்தது.

கை குலுக்குவதற்குப் பிடிக்கிற மாதிரி.

"யாரது?" ஸ்பீக்கரில் அவர் குரல். "யோலிமா... யாரு என் கையப் பிடிக்கிறது?"

பதினொன்று.

அந்தக் கையின் கட்டைவிரல் மேட்டில் ஒரு துணுக்கு. எள்ளளவு. முள்போல வளைந்தது. பளிச்சென்று.

எனக்கு அது தெரியும்.

"விடச் சொல்லு... யோலிமா... விடச் சொல்லு..."

அம்மாள் என் தோளை நகம் பதியப் பிடித்தார்.

பிடி இறுகியது.

இன்னும் இறுகியது.

'டக்.'

திரை இருண்டது.

2:13.

காமர்கோ கையை உருவிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் விழுந்தார். நாங்கள் உள்ளே ஓடினோம். அவர் உள்ளங்கை முழுக்க ஈரம். அந்தப் பச்சை நாற்றம். எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டார். கை மரத்துப்போய்விட்டது, வேறொன்றுமில்லை, புது இயந்திரம் ஏதோ கோளாறு பண்ணுகிறது என்றார். சிரிக்கவும் பார்த்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

திரையில் படம் தானாக மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முதல் எட்டுவரை. எட்டோடு நின்றது. ஒழுங்காக நின்றது. ஆனால் திருகாணி இல்லை. கட்டைவிரல் மேட்டில் துணுக்கு இருந்தது. மூன்றாவது விநாடியில் கை சாயும்போது படகு எலும்புக்கும் பிறை எலும்புக்கும் நடுவில் வாய் பிளந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிளந்தது.

2:21-க்கு அவரே கேட்டு எக்ஸ்ரே எடுத்தேன். திருகாணி இல்லை. துணுக்கு இருந்தது.

"இது என்ன?" என்றார்.

"கத்தரி நுனி, டாக்டர்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கட்டைவிரல் மேட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் நாலு வருஷத்துப் பழைய படத்தைத் தேடி எடுத்து, எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இடம். அதே வளைவு.

2:34. எடில்மாவை உள்ளே கூப்பிட்டேன். கட்டுவேன் என்று நினைத்து அவள் கையை நீட்டினாள்.

"கட்ட மாட்டேன். நீங்க அசைங்க," என்றேன். "நல்லா அசைங்க."

எட்டு விநாடி. எட்டோடு நின்றது. படத்தில் அவள் எலும்பு இரண்டும் ஐந்து மில்லிமீட்டர் விலகி, திரும்பி வந்து ஒட்டின. விருந்தாளிகள் இரண்டு பேரும் பார்த்தார்கள். அதற்குள் காமர்கோ உள்ளே வந்துவிட்டார். அந்த நிலையிலும் அந்த மனுஷனுக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். இயந்திரம் சரியில்லை, இன்றைய படம் எதுவும் செல்லாது என்று சொல்லிக்கொண்டே எடில்மாவின் அறிக்கைத் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

'டக்.' பேனா விழுந்தது.

எடுத்தார். 'டக்.' விழுந்தது.

மூன்றாவது தடவை குனியும்போது அந்த அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் பாத்ததை நானே எழுதிக்கிறேன்," என்றார். ஐந்து மில்லிமீட்டர் விலகுகிறது என்று எழுதினார். எடில்மா திங்கட்கிழமை பஸ் ஏறவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கை நன்றாகிவருகிறது.

காமர்கோவின் கதை வேறு. அவர் கையில் எதுவும் நிற்கவில்லை. கரண்டி விழுந்தது. சாவி விழுந்தது. பேத்தியைத் தூக்கப் போனபோது கை விலகி, குழந்தையைக் கடைசி நொடியில் மருமகள் பிடித்திருக்கிறாள். கை மருத்துவரான தன் நண்பரிடம் போனார். பழைய துணுக்கு ஒன்று இருக்கிறது, மற்றபடி கை இயல்பு என்றார் நண்பர். திருகாணியைக் காணோம் என்று காமர்கோ சொன்னதும், வேலையிலிருந்து கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முந்தைய அறுவை சிகிச்சைத் தாள் எங்கே இருக்கும்? டாக்டருக்கு மரை கழண்டுபோச்சு என்று தாழ்வாரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாவது வாரம் என்னிடம் வந்து கெஞ்சினார். அசைவுப் படம் ஒன்று எடு, யாருக்காவது காட்டவேண்டும் என்றார். எடுத்தேன். எட்டு விநாடி. ஒழுங்கான, அழகான மணிக்கட்டு. இம்மி விலகவில்லை. துணுக்கு மட்டும் பளிச்சென்று இருந்தது. கையை வளையத்திலிருந்து எடுத்துக் கதவுப் பிடியைத் தொட்டார். 'டக்.' கை துவண்டது. வலியில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"கேட்டியா? நீயே கேட்டல்ல? எழுது யோலிமா. விலகுதுன்னு எழுது."

எனக்கு நூபியாவின் உதடு ஞாபகம் வந்தது. கடித்துக்கொண்டு நின்றாளே, அந்த உதடு.

"நீங்க சொல்றத நான் எப்படி டாக்டர் நம்பறது?" என்றேன். "படம் சொல்றதத்தானே நம்பணும்."

இடது கையால் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, காலை 9:20. ஃபகா கல்லறை. எடில்மா என்னைக் கூப்பிட்டிருந்தாள். தங்கச்சியின் கையைக் கடைசியாகக் கட்டியவள் நான்தான், எடுக்கும்போதும் நான் இருக்கவேண்டும் என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

நூபியாவின் மாடம் மூன்றாவது வரிசையில் இருந்தது. பெயர்ப் பலகையைச் சுற்றி நாலு வருஷத்துப் பழைய சிமெண்டு, பாசி படிந்து. ஒரு கீறல் இல்லை. கல்லறைக்காரர் உளியால் ஒவ்வொரு பக்கமாக உடைத்துத்தான் திறந்தார். எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணிமேல் வைத்தார். எல்லாம் பழுப்பு நிறம். காய்ந்து, லேசாக.

வலது மணிக்கட்டுக்கு வந்ததும் அவர் கை நின்றது.

அந்த எட்டுச் சின்ன எலும்புகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. ஈரமாக இருந்தன.

"இது நாலு வருஷத்து எலும்பு இல்லீங்களே," என்றார் மெதுவாக. "போன மாசம் வெச்சது மாதிரி இருக்கு."

தூரிகையால் தட்டினார். படகு எலும்பிலிருந்து ஏதோ கழன்று துணியில் விழுந்தது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

திருகாணி.

இரண்டு முனையிலும் மரை, நடுவில் மொழுக்கென்று.

"கையில ஆபரேஷன் பண்ணியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

நூபியாவுக்கு யாரும் ஆபரேஷன் பண்ணவில்லை. அவள் கையை உள்ளும் புறமும் பார்த்தவள் நான். இரும்புத் துணுக்கைத் தேடினேன். மாடத்துத் தூளைச் சலித்துத் தேடினோம். இல்லை.

எடில்மா என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை நடந்தது முழுவதையும் அவளிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். இது கிடைத்தால் காமர்கோ தன் வீட்டையே எழுதிக்கொடுப்பார் என்றேன். தனக்குப் பைத்தியமில்லை என்று காட்ட அவருக்கு வேறு சாட்சி கிடையாது.

அவள் திருகாணியை எடுத்தாள். அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் கட்டுப் போட்ட கை. ஆனால் பிடி உறுதியாக இருந்தது. எலும்புகளோடு சேர்த்து அதையும் எலும்புப் பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

"அவ கை குடுத்து வாங்கினது," என்றாள். "அவகிட்டயே இருக்கட்டும்."